ஊட்டிக்கு குடும்பத்தோட போறப்ப குப்பை போடாம, பிளாஸ்டிக் வாங்காம இருக்க முடியுமா?

கேள்வியை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியட்டும். தாம்பரத்துல இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க. வீட்டுல மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சு போடுறாங்க, மொட்டை மாடியில கம்போஸ்ட் தொட்டி இருக்கு, கடைக்கு துணிப்பை, ஆபீசுக்கு எவர்சில்வர் பாட்டில், எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கு. ஆனா லீவுக்கு வெளியூர் கிளம்பினா முதல் நாள் ராத்திரியே வாட்டர் பாட்டில், பேப்பர் கப், சிப்ஸ் கவர்னு எல்லாம் பழையபடி ஆயிடுது. வர்ற மே மாசம் மாமனார், மாமியார், 11 வயசு பையன், ஒன்றரை வயசு பொண்ணோட 6 பேரா ஊட்டி போறாங்க. வீட்டுக்காரர் "டூர் வந்த இடத்துலயாவது நிம்மதியா விடேன்"ங்கிறாராம். என்ன பண்ணலாம்?

நான் கோயம்புத்தூர்க்காரன். நீலகிரி எங்களுக்கு பக்கத்து மலை, கல்யாணம் காதுகுத்துன்னு ஏதாவது ஒரு காரணத்துக்கு ஏறி இறங்கிட்டே இருப்போம், அதனால ஊட்டியை வச்சே விவரமா சொல்றேன், கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

வீட்டுல பழக்கம்னு நாம சொல்றதுல பாதி, வீட்டுல இருக்கற ஏற்பாடுதாங்க. கிச்சன்ல ரெண்டு டப்பா இருக்கு, கதவு பின்னாடி துணிப்பை தொங்குது, கேன்ல தண்ணி இருக்கு, அதனால கை தன்னால அங்க போகுது. டூர்ல இந்த ஏற்பாடு எதுவுமே கிடையாது, அதுக்கு மேல பசி, தூக்கமின்மை, சின்னது அழுவுது, பஸ் கிளம்பப்போகுது, அந்த நேரத்துல நின்னு யோசிச்சு சரியா நடந்துக்கணும்னு நம்மகிட்ட நாமளே எதிர்பார்த்தா ஏமாந்துதான் போவோம். அதனால உறுதிமொழி எல்லாம் எடுக்காதீங்க, ஏற்பாட்டை கையோட தூக்கிட்டு போங்க. அதுவும் எல்லாத்துக்கும் வேண்டாம், தண்ணி, சாப்பாடு, குப்பை, இந்த மூணுக்கு மட்டும். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, மடக்குற சிலிகான் கப்புன்னு டூருக்காகவே புதுசா எதையும் வாங்கவும் வேண்டாம், வீட்டு பரண்ல இருக்கறதே போதும்.

இந்த மூணுக்கு முன்னாடி பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, எப்படி போறீங்கங்கறது. வாட்டர் பாட்டில் வாங்காம இருக்கறதை விட இதுல மிச்சமாகுறது ரொம்ப அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது. சென்னையில இருந்து ஊட்டி சுமாரா 550 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கற கார்ல போய் வந்தா 73 லிட்டர், அங்க சுத்துறதுக்கு ஒரு பத்து சேர்த்தா மொத்தம் 190 கிலோ பக்கம் ஆகுது. 6 பேரும் ஒரே வண்டியில நெருக்கி உக்காந்து போனா தலைக்கு 32 கிலோ வரும், அது ஒண்ணும் பெரிய பாவம் இல்லை. தாராளமா போலாம்னு ரெண்டு கார் எடுத்தீங்கன்னா அப்படியே டபுள்.

என் யோசனை ட்ரெயின்தான். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரல்ல ராத்திரி ஏறினா விடியக்காலையில மேட்டுப்பாளையம் கொண்டு வந்து விட்டுடும், கரண்ட்ல ஓடுற வண்டி, பெரியவங்க காலை நீட்டி படுத்துட்டு வரலாம், வீட்டுக்காரரும் ராத்திரி பூரா ஸ்டியரிங்கை புடிச்சுட்டு கண்ணு எரிய ஓட்ட வேண்டாம். அங்க இருந்து மலை ரயில் கிடைச்சா பசங்களுக்கு அதை விட சந்தோஷம் இல்லை, 46 கிலோமீட்டர், 1908ல இருந்து ஊட்டி வரைக்கும் ஓடுது, கல்லார் தாண்டினதும் நடுவுல பல் தண்டவாளத்தை கவ்விட்டு ஏறும், 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் அது நீராவி இஞ்சின், எண்ணெய் எரிச்சுதான் ஓடுது, அதனால சுற்றுச்சூழலுக்காகன்னு அதுல போகாதீங்க, ஆசைக்காக போங்க. டிக்கெட் கிடைக்கலைன்னா கவலை வேண்டாம், மேட்டுப்பாளையத்துல இருந்து அரசு பஸ் அடிக்கடி இருக்கு.

இன்னொரு லாபமும் இருக்கு. 2024 மே 7ல இருந்து சென்னை ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டியில போறவங்க இ-பாஸ் எடுக்கணும். 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு உச்சவரம்பே வச்சாங்க. அரசு பஸ்லயோ ட்ரெயின்லயோ வர்றவங்களுக்கு இந்த பாஸ் தேவையில்லை. மே மாசம் பர்லியார்ல இருந்து குன்னூர் வரைக்கும் வண்டிங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஃபர்ஸ்ட் கியர்ல புகை கக்கிட்டு நிக்கறதை பாத்தா, இந்த கட்டுப்பாடு ஏன் வந்துச்சுன்னு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊட்டிக்குள்ள சுத்துறதுக்கும் சீசன்ல சர்க்யூட் பஸ் விடுறாங்க, ஒரே டிக்கெட்ல முக்கியமான இடம் எல்லாம் ஏறி இறங்கலாம், ஒரு நாளாவது அதுல போய் பாருங்க.

கூடவே இதையும் சொல்லிடறேன். 4 நாள்ல ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, முதுமலை, அப்படியே மைசூர்னு பிளான் போடாதீங்க. ஒரே இடத்துல ரூம் போட்டு தங்குங்க. சுத்துற தூரம் குறைஞ்சா எரிபொருள் குறையும்ங்கறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பாத்தீங்கன்னா டூர்ல வாங்குற கவர், பாட்டில், பார்சல் டப்பாவுல முக்காவாசி வழியிலதான் வாங்குறோம், அவசரத்துலதான் வாங்குறோம். அவசரம் இல்லாத டூர்ல அதுக்கு தேவையே வராது.

சரி, தண்ணிக்கு வர்றேன். நீலகிரியில பிளாஸ்டிக் கட்டுப்பாடு இன்னைக்கு நேத்து வந்தது இல்லை, 2000 வாக்குலயே அப்ப கலெக்டரா இருந்த சுப்ரியா சாஹு 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்'னு ஆரம்பிச்சு கேரி பேக்கை எல்லாம் ஒழிச்சுக் கட்டினாங்க. தமிழ்நாடு பூராவுக்கும் 14 வகை பிளாஸ்டிக்குக்கு தடை வந்ததே 2019 ஜனவரி 1லதான். இப்ப நீலகிரியில சின்ன வாட்டர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கும் தடை, செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தி பாப்பாங்க, இருந்தா எடுத்துட்டு ஃபைன் போடுவாங்க. அதுக்கு பதிலா ரோட்டோரம், சுத்திப்பாக்கற இடம்னு பல இடத்துல வாட்டர் ஏடிஎம் வச்சிருக்காங்க, 5 ரூபா காயின் போட்டா ஒரு லிட்டர் தண்ணி.

இதுல அனுபவத்துல தெரிஞ்சது சிலது சொல்றேன். ஆளுக்கு ஒரு பாட்டில்னு 6 பாட்டில் தூக்கிட்டு போனா யாருதுல யாரு குடிச்சாங்கன்னு சண்டை, பாதி பாட்டில் ரூம்லயே கிடக்கும். பெரிய எவர்சில்வர் கேன் ஒண்ணு, 3 லிட்டரோ 5 லிட்டரோ, அதோட பெரியவங்களுக்கு வெந்நீர் பிளாஸ்க் ஒண்ணு, பசங்களுக்கு ஸ்கூல் பாட்டில், அவ்வளவு போதும். கேன் வாய் அகலமா இருக்கணும், குறுகலா இருந்தா ஏடிஎம்ல புடிக்கும்போது பாதி தண்ணி வெளிய போகும். 5 ரூபா காயினா ஒரு கைப்பிடி முன்னாடியே மாத்தி ஒரு சுருக்குப்பையில போட்டு பையன்கிட்ட குடுத்துடுங்க, தண்ணி புடிக்கறது அவன் வேலை, 11 வயசுக்கு அந்த பொறுப்பு ரொம்ப புடிக்கும். ஆனா மெஷின் எல்லா இடத்துலயும் எல்லா நேரமும் ஓடும்னு நம்பி கிளம்பக்கூடாது, காலையில ரூமை விட்டு இறங்கும்போதே கேன் நிரம்பி இருக்கணும். ரூம் போடும்போதே போன்ல கேட்டுக்கோங்க, குடிக்கற தண்ணி கேன்ல வச்சிருக்கீங்களா, எங்க பாத்திரத்துல புடிச்சுக்கலாமான்னு. ஹோட்டல்ல சாப்பிட உக்காந்ததும் சூடா ஒரு ஜக் தண்ணி கேளுங்க, ஊட்டி குளுருக்கு யாரும் ஆச்சரியமா பாக்க மாட்டாங்க, கேட்டா பிளாஸ்க்லயும் ஊத்தி குடுப்பாங்க.

பேப்பர் கப்பை பத்தி ஒரு வார்த்தை. பேப்பர்தானேன்னு நிறைய பேர் மனசை தேத்திக்கறாங்க, அதுக்கு உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, இல்லைன்னா சூடு டீ ஊத்தினதும் ஊறிப்போயிடும்ல. பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்பும் 2019 தடை பட்டியல்ல இருக்கு. அதே மாதிரி ஜவுளிக்கடையில துணி மாதிரியே இருக்கற பை ஒண்ணு தருவாங்கல்ல, நான்-ஓவன் பை, அது பாலிப்ரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக், அதுவும் அந்த பட்டியல்ல உண்டு. டீக்கு சின்ன எவர்சில்வர் டம்ளர் ஆளுக்கு ஒண்ணு பையில கிடக்கட்டும். டீக்கடைக்காரருக்கு நீங்க டம்ளர் நீட்டினா ஒரு கப்பு காசு மிச்சம், சந்தோஷமா ஊத்துவார்.

சாப்பாட்டை உங்க மாமியார் பொறுப்புல விட்டுடுங்க, நிஜமாவே சொல்றேன். அவங்க தலைமுறைக்கு ட்ரெயின் சாப்பாடுன்னா என்னன்னு நம்மளை விட நல்லா தெரியும். முதல் நாள் ராத்திரிக்கு மிளகாப்பொடி தடவின இட்லி, இல்லைன்னா சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், மறுநாள் மதியம் வரைக்கும் தாங்கற மாதிரி புளியோதரை. இட்லி மேல பொடியை நல்லெண்ணெயில குழைச்சு ரெண்டு பக்கமும் தடவி, எவர்சில்வர் டப்பாவுல வாட்டின வாழை இலையை விரிச்சு அடுக்கினா மறுநாள் காலையில கூட காயாம மெத்துன்னு இருக்கும். இலையை நெருப்புல லேசா வாட்டணும், பச்சையா வச்சா மடிக்கும்போது கிழிஞ்சுடும். கூடவே முறுக்கு, கடலை உருண்டை, பொரி உருண்டை, ஒரு டப்பா அதிரசம், இது இருந்தா பசங்க வழியில தொங்கவிட்டிருக்கற சிப்ஸ் பாக்கெட்டை கேக்கறதே பாதி குறையும். மீதி பாதிக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடுங்க, அதுக்காக குழந்தையை அழ விடாதீங்க, ஆனா கவரை திருப்பி வாங்கி நம்ம பையில போட்டுக்கணும்.

அந்த கவரை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. குன்னூர் போற மலைப்பாதையில ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவுல வண்டியை ஓரம் கட்டி நின்னு பாருங்க. தடுப்புச்சுவர் மேல குரங்குங்க வரிசையா உக்காந்திருக்கும். கார் கண்ணாடி இறங்குற சத்தம் கேட்டதுமே இறங்கி வரும். ஒரு தாய்க்குரங்கு, வயித்துல குட்டி தொங்கிட்டு இருக்கு, சிப்ஸ் பாக்கெட்டை ரெண்டு கையால புடிச்சு பல்லால ஓரத்தை கிழிச்சு, சிப்ஸை தின்னு முடிச்சதும் கவரை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, அந்த உப்பையும் மசாலாவையும் நக்குது, அது கீழ போட்டதும் குட்டி எடுத்து அதே மாதிரி நக்கி, வெள்ளியா மின்னுற அந்த கவரோட ஒரு துண்டை மென்னு முழுங்குது. பக்கத்துல ஒரு குடும்பம் சிரிச்சுட்டு வீடியோ எடுக்குது. குரங்குக்கு தீனி போடறது அன்பு கிடையாதுங்க, அது காட்டுக்குள்ள அத்திப்பழம் தேடிப் போறதை விட்டுட்டு ரோட்டுலயே குடியிருக்க பழகிடுது, வண்டியில அடிபட்டு சாகுது. பையன்கிட்ட இதை வீட்டுலயே சொல்லி வைங்க, வண்டியை விட்டு இறங்கும்போது கையில தின்பண்டம் இருக்கக்கூடாதுன்னு. மாமனார் வாழைப்பழம் போடணும்னு ஆசைப்படுவார், அவர்கிட்டயும் பக்குவமா முன்னாடியே பேசிடுங்க, வனத்துறை ஃபைன் போட்டு எல்லார் முன்னாடியும் அவருக்கு சங்கடமா போகக்கூடாது.

சரி, தொட்டியில ஒழுங்காதானே போடுறோம், அப்புறம் என்னன்னு கேக்கலாம். ஊட்டியில சேர்ற குப்பை தீட்டுக்கல் கிடங்குக்கு போகுது. மலைமேல இருக்கற ஊருக்கு சமதரை கிடையாது, எங்க கொட்டினாலும் சரிவுதான், மழை வேற நல்லா பெய்யும். சீசன்ல ஊர் ஜனத்தொகையை விட பல மடங்கு ஆளுங்க வந்து அவங்க குப்பையையும் விட்டுட்டு போறாங்க, அதை அள்ளுற தூய்மைப் பணியாளர்களுக்கு அது பெரிய சுமை. ரோட்டோர தொட்டியை ராத்திரி காட்டெருமை வந்து முட்டிக் கவுக்கும், பன்னி கிளறும், சாப்பாட்டு வாசனை வந்தா கரடி கூட வரும். யானை விஷயம் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், 2025 மே மாசம் கோயம்புத்தூர் மருதமலை அடிவாரத்துல ஒரு யானை செத்துப்போச்சு, பிரேதப் பரிசோதனையில வயித்துல குட்டி இருந்துச்சு, குடல்ல பிளாஸ்டிக்கும் இருந்துச்சு. அந்த பக்கம் யானை லத்தியில பால் கவரும் மசாலா பாக்கெட்டும் கிடக்கறதை பாத்தவங்க நிறைய பேர். மலைமேல பெய்யுற மழை எங்க போகுதுன்னும் பாருங்க. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து தண்ணி குந்தா வழியா பில்லூர் அணைக்கு வருது, பைக்காரா தண்ணி மாயாறா மாறி பவானிசாகருக்கு வருது. பில்லூர் தண்ணியைத்தான் எங்க ஊர் குடிக்குது. நான் எங்க வீட்டு குழாயை திறந்தா வர்றது அந்த மலைத் தண்ணி. அதனால இது எனக்கு யாரோ ஒருத்தர் ஊர் பிரச்சனை இல்லை.

அதனால மூணாவது ஏற்பாடுதான் எனக்கு ரொம்ப முக்கியம், குப்பைப் பை. மக்காத குப்பையை மலைமேல விடாம வீட்டுக்கே திரும்பக் கொண்டு வர்றது. கேக்க கஷ்டமா இருக்கும், செய்யறது ரொம்ப சுலபம். பழைய அரிசிப் பை இருக்குல்ல, 10 கிலோ பை, அதுல ஒண்ணை எடுத்துக்கோங்க, உறுதியாவும் இருக்கும், மடிச்சா இடமும் அடைக்காது. அதுக்குள்ள ஒரு பால் கவரை கழுவி காய வச்சு எண்ணெய் பிசுக்கு உள்ள கவர் போட தனியா வைங்க. கவரை கசக்கி போடாதீங்க, நீளவாக்குல மடிச்சு ஒரு முடிச்சு போட்டுட்டா ஒவ்வொண்ணும் விரல் அளவுதான் வரும், 4 நாள் குப்பை ஒரு தேங்காய் சைஸ்க்குள்ள அடங்கிடும். பழத்தோல், மீந்த சாப்பாடு, வாழை இலை இதை எல்லாம் ரூம்ல அவங்க ஈரக்குப்பை தொட்டியில போட்டுடுங்க, அது மக்கிடும். ஆனா காட்டுப்பக்கம், ரோட்டோரம் எறியாதீங்க, மக்குறதுதானேன்னு வாழைப்பழத் தோலை ஜன்னல் வழியா போடறது தப்பு, அந்த வாசனைக்குத்தான் மிருகம் ரோட்டுக்கு வருது. ஊருக்கு வந்ததும் நல்ல பிளாஸ்டிக்கை உங்க வழக்கமான பழைய பேப்பர் கடையில போட்டுடலாம். சிப்ஸ் கவர் மாதிரி பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டி இருக்கறதை யாரும் எடுக்க மாட்டாங்க, மறுசுழற்சி பண்றது கஷ்டம், அது உங்க ஊர் குப்பை வண்டிக்குதான் போகும். சென்னையில மட்டும் அது என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா, நியாயமான கேள்விதான், அங்கயும் கிடங்குலதான் கிடக்கும், ஆனா யானை வராது, ஆத்துக்கு மேட்டுல இருக்காது. அது போதும்.

ஒன்றரை வயசு பொண்ணு இருக்கா, டயப்பர் விஷயத்தை விட்டுட்டு பேச முடியாது. துணி நாப்கின் மட்டும்தான்னு பிடிவாதம் வேண்டாம், ஊட்டி குளுருல துணி காயவே காயாது, ஈரத்துணி கட்டினா குழந்தை குளுருல நடுங்கும். பகல்ல ரூம்ல இருக்கற நேரம் துணி கட்டுங்க, ராத்திரியும் வெளிய போறப்பவும் டயப்பர் போடுங்க. கழட்டினதுல இருக்கற மலத்தை டாய்லெட்ல தட்டிட்டு, நியூஸ் பேப்பர்ல இறுக்கி சுத்தி, ரூம்ல கேட்டு அவங்க சானிட்டரி குப்பைக்கு தனியா குடுங்க, அங்க அப்படி வசதி இல்லைன்னா மூடி உள்ள டப்பாவுல போட்டு திரும்பக் கொண்டு வந்துடுங்க. வெட் வைப்ஸ் முக்காவாசி பிளாஸ்டிக் நார்தான், டாய்லெட்ல போட்டா அடைச்சுக்கும். பழைய காட்டன் வேட்டியை கையளவு துண்டா கிழிச்சு எடுத்துட்டு போங்க, பிளாஸ்க் வெந்நீர்ல நனைச்சு துடைச்சா அதை விட சுத்தம். பொம்பளைங்க சானிட்டரி நாப்கினுக்கும் இதே பேப்பர் சுத்துற முறைதான்.

ரூம்ல தண்ணியும் வெந்நீரும். ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி அணைதான் பெரிய குடிநீர் ஆதாரம், ஏப்ரல் மே மாசம் தண்ணி குறையுற நேரத்துலதான் நாம கூட்டமா போறோம். ஷவர் சாதாரணமா நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் ஊத்தும், குளுருக்கு இதமா இருக்குன்னு 10 நிமிஷம் நின்னா 80, 100 லிட்டர் போச்சு. பக்கெட்ல 18 லிட்டர்ல சுகமா குளிக்கலாம், அதை 15 டிகிரியில இருந்து 40க்கு சூடாக்க அரை யூனிட் கரண்ட்தான் செலவு, அந்த ஷவருக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல. பக்கெட்டும் மக்கும் இருக்கான்னு ரூம் போடும்போதே கேட்டுடுங்க. துண்டு, பெட்ஷீட்டை தினமும் மாத்த வேண்டாம்னு ரூம் பையன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டா சரி. சோப்பு, ஷாம்பு வீட்டுல இருந்தே, பாக்கெட் ஷாம்பு வேண்டாம். கேம்ப் ஃபயர் போடட்டுமான்னு கேப்பாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்வேன், ஒரு மணி நேரம் போட்டோ எடுக்க ஒரு கட்டு விறகை எரிக்கணுமா, ஸ்வெட்டர் போட்டுட்டு வராண்டாவுல உக்காந்து அந்தாக்ஷரி ஆடினாலே பசங்களுக்கு சந்தோஷம்தான். ஸ்பீக்கர் வச்சு பாட்டு போடாம இருந்தா இன்னும் நல்லது, மலையில சத்தம் ரொம்ப தூரம் போகும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயம். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, டூர் பூரா "அதை வாங்காதீங்க, இதை போடாதீங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டே இருந்தா யாருக்கும் எரிச்சல்தான் வரும், அப்படி சொல்லிட்டே இருக்கறவங்களுக்கும் அது டூர் இல்லை. பேச வேண்டியதை எல்லாம் கிளம்பறதுக்கு முந்தின வாரமே ஒரு நாள் சாப்பிட உக்காரும்போது பேசி முடிச்சுடுங்க. ஆளுக்கு ஒரு வேலை. தண்ணி பையன், சாப்பாடு மாமியார் தலைமையில எல்லாரும், குப்பைப் பை வீட்டுக்காரர். குப்பையை அவர்கிட்ட குடுக்கறதுக்கு காரணம் உண்டு, நிறைய வீட்டுல நான் பாத்திருக்கேன், சுற்றுச்சூழல்னு பேச்சு வந்தாலே பாத்திரம் கழுவறது, துணி துவைக்கறது, டப்பா அடுக்கறதுன்னு எல்லா வேலையும் வீட்டு பொம்பளைங்க தலையில விழுது, அப்புறம் அவங்களே அலுத்துப்போய் ரெண்டாவது நாள் விட்டுடறாங்க. அலுப்பு வர்றது தப்பே இல்லை. வேலையை பிரிச்சுக்காத பழக்கம் டூர்ல நிக்கவே நிக்காது. அங்க போனதுக்கப்புறம் யாராவது தவறி ஒரு பாட்டில் வாங்கிட்டா விட்டுடுங்க, முகத்தை தூக்கி வச்சுக்காதீங்க, பாட்டில் பைக்குள்ள வந்தா சரி.

மாமனாரோ கூட வர்ற வேற யாராவதோ ராத்திரி ஒரு பாட்டில் போடற பழக்கம் உள்ளவங்களா இருந்தா, காலி பாட்டிலை கடையிலயே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. உடைஞ்ச பாட்டில் யானைக் காலை கிழிக்குதுன்னு ஐகோர்ட் வரைக்கும் போய், 2022 மே மாசம் நீலகிரியிலதான் முதல்ல டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டிலை குடுத்தா திருப்பித் தர்ற முறை வந்துச்சு. காட்டுக்குள்ள பாட்டில் விழுறது அதுக்கப்புறம் நல்லா குறைஞ்சுது. காசு திரும்பி வரும்னா ஜனங்க கொண்டு வந்து குடுக்கறாங்க, வாட்டர் பாட்டிலுக்கும் இதே மாதிரி ஒண்ணு வரணும்ங்கறது என் ரொம்ப நாள் ஆசை.

வாங்குற சாமானைப் பத்தி பெருசா இல்லை. வர்க்கி, சாக்லேட் வாங்க டப்பா கொண்டு போங்க, எடை போட்டு அதுலயே போட்டுத் தருவாங்க. ரோட்டோரத்துல கேரட், முள்ளங்கி விக்கற பாட்டிகிட்ட வாங்குங்க, அதுக்கு துணிப்பை. காட்டுல பூ, வேர், பாசின்னு எதையும் புடுங்கிட்டு வராதீங்க.

வீட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி, கிளம்பற வாரம் காய்கறி குறைச்சு வாங்கி ஃப்ரிட்ஜை காலி பண்ணிடுங்க, இல்லைன்னா வந்து பாக்கும்போது அழுகி கிடக்கும், அது டூர்ல மிச்சம் பண்ணதை எல்லாம் தின்னுடும். கம்போஸ்ட் தொட்டியில கடைசியா போட்ட ஈரக்குப்பை மேல காஞ்ச இலையோ தேங்காய் நாரோ நல்லா கனமா மூடி விட்டுட்டா 5, 6 நாளைக்கு நாத்தம் வராது, புழு வந்தாலும் பயப்பட வேண்டாம். மாடிச் செடிக்கு தொட்டி மண்ணு மேல தேங்காய் நார் பரப்பி தண்ணி ஊத்திட்டு, தொட்டிகளை நிழல்ல ஒண்ணா சேர்த்து வச்சுடுங்க. டிவி, மோட்டார், ஏசி, வைஃபை எல்லாம் பிளக்கோட கழட்டிடுங்க.

கடைசியா டிக்கெட். ட்ரெயின் முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, முன்ன மாதிரி 120 நாள் இல்லை, 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க. மே மாசத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் திறந்த அன்னைக்கே நிரம்பிடும், காலையில 8 மணிக்கு உக்காந்துடுங்க, பெரியவங்களுக்கு லோயர் பெர்த் போட்டுடுங்க. கிடைக்கலைன்னா சேரன் எக்ஸ்பிரஸ்லயோ வேற எதுலயோ கோயம்புத்தூர் வரைக்கும் வந்துடுங்க, இங்க மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட்ல ஊட்டி பஸ் இருக்கு, குழந்தையோட வர்றீங்கன்னா முன் சீட் பாத்து உக்காருங்க, வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வயிறு முட்ட எதுவும் குடுக்க வேண்டாம்.